ஞானஸ்நானம் வாங்க நினைக்கிறீர்களா? முதல் படிகள் இவை

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலில் சனிக்கிழமை சாயங்காலம் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். நெற்றியில் குங்குமமும் திருநீறுமாக எத்தனையோ பேர் இருப்பார்கள். மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், மாதாவுக்கு மாலை கொடுப்பார்கள், கடற்கரையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நீங்கள் எந்த மதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். சிலருக்கு மட்டும் ஒரு கட்டத்தில் அது போதாமல் போகிறது. பூசையில் எல்லோரும் எழுந்து போய் நன்மை (திருவிருந்து அப்பம்) வாங்கும்போது தான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மனதை உறுத்துகிறது. ஆனால் யாரிடம் கேட்பது, எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. அப்படிப்பட்ட பெரியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வாரம் கேட்டு அடுத்த வாரம் வாங்கிவிட முடியாது. பெரியவர்களுக்குத் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கொடுக்கும் முன் ஒரு ஆயத்தக் காலம் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். தொடக்க நூற்றாண்டுகளில் வழக்கில் இருந்து, பின்னால் தேய்ந்துபோன இந்த முறையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீண்டும் கொண்டுவரச் சொன்னது. அதற்கான சடங்கு நூல் 1972இல் வெளியானது. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவருக்கு மட்டுமே உடனே கொடுப்பார்கள். மற்றவர்கள் ஏறத்தாழ ஓராண்டு என்று வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு இன்னும் கூடுதலாகும். இந்தக் காத்திருப்பு உங்களுக்கு நல்லது. ஆசையில் எடுக்கும் முடிவையும் ஆழ்ந்து எடுக்கும் முடிவையும் பிரித்துக் காட்ட இத்தனை மாதங்கள் வேண்டியிருக்கிறது.

முதல் வேலை, ஞாயிறு பூசைக்குப் போவது. மயிலாப்பூரில் இருப்பவர்களுக்குச் சாந்தோம் பேராலயம் இருக்கிறது, லஸ் பிரகாச மாதா கோவில் இருக்கிறது. லஸ் கோவிலைப் பழைய ஆட்கள் இன்றும் காட்டுக்கோவில் என்றுதான் சொல்வார்கள். அங்குள்ள கல்வெட்டில் 1516 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் உள்ளவர்களுக்கு வேளாங்கண்ணி திருத்தலம், சைதாப்பேட்டையை ஒட்டி இருப்பவர்களுக்குச் சின்னமலை. ஒரு எச்சரிக்கை: சிலுவை வைத்த கோவில் எல்லாம் கத்தோலிக்கக் கோவில் ஆகிவிடாது. கதீட்ரல் ரோட்டுக்குப் பெயர் கொடுத்த புனித ஜார்ஜ் பேராலயம் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்ட் சபையுடையது. சந்தேகமாக இருந்தால் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் என்று போட்டிருந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

பூசை ஒரு மணி நேரம் நடக்கும். நடுப்பகுதியில் உட்காருங்கள்; எழுந்திருப்பதும் முழங்காலிடுவதும் முன்னால் இருப்பவர்களைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். சமாதானம் பகிரும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் உங்கள் பக்கம் திரும்பிக் கைகூப்புவார், நீங்களும் கூப்புங்கள். காணிக்கைப் பை வரும்போது போடலாம், போடாமலும் விடலாம். நன்மை வாங்க மட்டும் போகக் கூடாது. அது திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு உரியது. இடத்திலேயே இருந்து ஜெபம் செய்யுங்கள். உட்கார்ந்திருக்கிறாரே என்று யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒரு வாரம் போனால் போதாது, ஒன்றிரண்டு மாதம் தொடர்ந்து போய்ப் பாருங்கள். திருவிழாக் கூட்டத்தையும் தேர்பவனியையும் பார்த்து மயங்கி வந்தவர்களுக்கு, மழை பெய்கிற சாதாரண ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆறு மணிப் பூசை பல விஷயங்களைத் தெளிவாக்கிவிடும்.

மனம் நிலைத்தபின் பங்குத்தந்தையைப் பாருங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் நீங்கள் குடியிருக்கும் தெருவை வைத்துத்தான் பங்கு அமையும். பாண்டி பஜார் பக்கம் வீட்டை வைத்துக்கொண்டு சாந்தோமில் ஞானஸ்நானம் கேட்டால், உங்கள் பங்கு எதுவோ அங்கே போகச் சொல்வார்கள். எந்தக் கோவில் அலுவலகத்தில் கேட்டாலும் உங்கள் தெரு எந்தப் பங்கில் வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். பூசை முடிந்த கையோடு வாசலில் வைத்துப் பேசாதீர்கள். அப்போது அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். அலுவலக நேரத்தைக் கேட்டுக்கொண்டு இன்னொரு நாள் போங்கள். "ஸ்தோத்திரம் ஃபாதர். நான் இந்து. கொஞ்ச நாளா பூசைக்கு வர்றேன். கத்தோலிக்க விசுவாசத்தைப் பத்தி முறையா கத்துக்கணும்னு ஆசை" என்று சொன்னால் போதும். ஏன் வந்தீர்கள் என்று அவர் கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். நோய் குணமானது, ஒரு சாவு, கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த காலம், வெறும் தேடல், எதுவாக இருந்தாலும் சரி. ஏற்கெனவே சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானம் வாங்கியவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி பெயரால் முறையாகப் பெற்றிருந்தால் அதைத் திருச்சபை ஏற்கும், மறுபடி கொடுக்காது. உங்களுக்கான வழி வேறு, நாளும் குறைவு. பழைய சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள்.

அந்த முதல் சந்திப்பிலேயே சொல்லியாக வேண்டிய இன்னொன்று உங்கள் திருமண நிலை. பலர் இதைக் கடைசி வரை சொல்லாமல் இருந்துவிட்டு, உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தைய பெரிய வாரத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சொல்கிறார்கள். அப்போது ஒன்றும் செய்ய முடியாது. நீங்களும் துணைவரும் இந்து முறைப்படி திருமணம் செய்தவர்கள், இருவருக்கும் அதுவே முதல் திருமணம் என்றால் கவலை வேண்டாம். அந்தத் திருமணத்தைத் திருச்சபை மதிக்கிறது. நீங்கள் மட்டும் ஞானஸ்நானம் வாங்கினாலும் கோவிலில் மறுபடி தாலி கட்டத் தேவையில்லை. விவாகரத்துக்குப் பிறகு மறுமணம் செய்தவர் என்றால் கதை வேறு. மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் அதைப் பார்க்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். அதனால்தான் முதல் நாளே சொல்லுங்கள் என்கிறேன்.

காதலிக்கும் பெண்ணோ பையனோ கத்தோலிக்கர் என்பதால் வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்காதீர்கள். அது தேவையே இல்லை. பேராயரின் விதிவிலக்குப் பெற்று, நீங்கள் உங்கள் மதத்திலேயே இருந்துகொண்டு கோவிலில் திருமணம் செய்யலாம். தன் விசுவாசத்தில் நிலைத்திருப்பேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் அதைத் தெரிந்திருந்தால் போதும். மாமியார் வீட்டுக்காக வாங்கிய ஞானஸ்நானம் கல்யாண ஆல்பத்தோடு முடிந்துபோவதை எல்லாப் பங்குகளும் பார்த்திருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? விரும்பும் மதத்தைப் பின்பற்றும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு தருகிறது. தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆகவே வேறு சில மாநிலங்களைப்போல ஆட்சியரிடம் முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சாதிச் சான்றிதழ் விஷயத்தில் கண்ணைத் திறந்துகொண்டு இறங்குங்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்தர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி உண்டு. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. ஞானஸ்நானம் வாங்கி, கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இது அநீதி என்று தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள், நானும் அப்படித்தான் கருதுகிறேன். என்றாலும் இன்றைய சட்டம் இதுதான். மற்றச் சமூகத்தவர்களும் தங்கள் சாதிப் பெயர் எந்தப் பட்டியலில் எப்படி இருக்கிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

சொத்துரிமையும் கேட்க வேண்டியதே. மதம் மாறியதால் பெற்றோர் சொத்தில் உங்கள் பங்கு போகாது. ஆனால் மாறிய பிறகு உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை தொடங்கும் வேளையில் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. மத மாற்றம் இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு ஒரு காரணமும்கூட. கணவரிடம் அல்லது மனைவியிடம் சொல்லாமல் எதையும் செய்யாதீர்கள்.

அம்மா அப்பாவிடம் எப்போது சொல்வது என்பதற்கு விதி கிடையாது. ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் சொல்வதுதான் மிக மோசமான வழி. கற்றுக்கொள்ளத் தொடங்கும்போதே சொல்லிவிட்டால், அவர்களுக்கும் உங்களோடு ஓராண்டு நடந்து பழக நேரம் கிடைக்கும். பொங்கலுக்கும் தாத்தா திதிக்கும் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று ஃபாதரிடம் கேளுங்கள். மாதாவைப் பிடித்ததற்காக வீட்டுச் சாமி படத்தைத் தூக்கிப் போடச் சொல்லும் குருவானவரை நான் பார்த்ததில்லை. அந்தப் படம் உங்கள் அம்மாவுடையது, அதை மதியுங்கள்.

இனி அந்த ஓராண்டு. வாரம் ஒருமுறை உபதேசியாரோ கன்னியாஸ்திரியோ பயிற்சி பெற்ற பொதுநிலையினரோ கற்றுக்கொடுப்பார்கள். 73 நூல்கள் உள்ள கத்தோலிக்கத் திருவிவிலியம் ஒன்றை வாங்குங்கள். கடையில் கிடைக்கும் பரிசுத்த வேதாகமத்தில் 66தான் இருக்கும். மாற்கு நற்செய்தியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள், சிறியது, வேகமாகப் போகும். பரலோக மந்திரம், அருள் நிறைந்த மரியே, விசுவாசப் பிரமாணம் மூன்றையும் மனப்பாடம் செய்யுங்கள். தெரு அளவில் கூடும் அன்பியத்துக்குப் போங்கள். யார் வீட்டிலாவது ஹாலில் பாய் விரித்து, விவிலியம் வாசித்து, அவரவர் மனதில் பட்டதைச் சொல்லி, கடைசியில் காபி குடித்துக் கலைவார்கள். வகுப்பில் புரியாதது அங்கே புரியும். உங்கள் ஞானத்தாயோ ஞானத்தந்தையோ கிடைக்கும் இடமும் பெரும்பாலும் அதுதான். ஞானப்பெற்றோர் 16 வயது நிரம்பி, உறுதிபூசுதல் என்னும் அருட்சாதனம் பெற்று, விசுவாசத்தோடு வாழும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும்.

ஃபாதர் உங்களை முறைப்படி சபை முன் அழைத்து நெற்றியில் சிலுவை வரையும் நாளிலிருந்தே நீங்கள் திருச்சபையோடு இணைந்தவர். இடையில் இறந்துவிட்டால்கூட உங்களுக்குக் கிறிஸ்தவ அடக்கம் உண்டு. பெரியவர்களின் திருமுழுக்குப் பேராயரின் பார்வைக்குப் போக வேண்டும், அதைப் பங்குத்தந்தை பார்த்துக்கொள்வார். ஞானஸ்நானம் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவில் நடக்கும்; அதற்கு முந்தைய தவக்காலம் தீவிரமான கட்டம். தவக்காலத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் உங்களுக்கென்று தனி மன்றாட்டுகள் இருக்கும். சமாரியப் பெண், பிறவிக் குருடர், லாசர் ஆகிய மூன்று நற்செய்திகள் அப்போது வாசிக்கப்படும். 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. இதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மாதங்களில் மனம் சோர்ந்தால் சாந்தோம் பேராலயத்தின் கீழுள்ள கல்லறைச் சிற்றாலயத்தில் போய் உட்காருங்கள். திருத்தூதர் தோமையாரை அடக்கம் செய்த இடம் என்று காலங்காலமாக நம்பப்படுவது அது. சந்தேகப்பட்ட சீடர் என்று பெயர் வாங்கியவரிடம் உங்கள் சந்தேகங்களைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

பெயர் மாற்ற வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஞானஸ்நானப் பெயராக ஒரு புனிதர் பெயரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம், ஆனால் பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பழைய பெயரே இருக்கட்டும். மாற்றினால் அரசிதழில் அறிவிக்க வேண்டும், பிறகு பாஸ்போர்ட், வங்கி என்று அலைய வேண்டும். எந்தப் புனிதரின் பெயர் என்று யோசித்தால், பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். லாசர் என்பதன் தமிழ் வடிவம் அது. அவருக்கு முதலில் விசுவாசத்தைச் சொல்லிக்கொடுத்தவர் குருவானவர் அல்லர், டி லனாய் என்ற டச்சுப் படைத்தலைவர். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரை 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். பெரியவராகி ஞானஸ்நானம் வாங்கும் தமிழர் ஒருவருக்குப் பாதுகாவலர் தேட ரோம் வரை போக வேண்டியதில்லை.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின இரவு, பாஸ்காத் திருவிழிப்பில், தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். வெள்ளை ஆடையும் பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தியும் தருவார்கள். அதே இரவில் உறுதிபூசுதலும் முதல் நன்மையும் கிடைக்கும். இதற்கெல்லாம் கட்டணம் எதுவும் இல்லை. யாராவது பணம் கேட்டாலும், பணமோ வேலையோ தருகிறேன் என்று ஆசை காட்டினாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இரண்டையுமே திருச்சபை தடை செய்கிறது.

கடைசியாக, இதைப் படிக்கும் பரம்பரைக் கத்தோலிக்கர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அன்று இரவு உங்கள் கோவிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்களில் சிலருடைய வீட்டில் மறுநாள் காலை யாரும் அவர்களோடு பேச மாட்டார்கள். உயிர்ப்பு ஞாயிறு மத்தியானம் அவர்களை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.