மேட்டூர் மதகும் வானத்துச் சந்திரனும்

தூண்டிலில் எனக்குச் சிறிது பழக்கம் உண்டென்று கேள்விப்பட்ட நண்பர்கள் முதலில் கேட்பது, அமாவாசையை ஒட்டிப் போவதா, பௌர்ணமியை ஒட்டிப் போவதா என்பதுதான். கடலோரத்துக்காரர் கேட்டால் அது மிகவும் பொருத்தமான கேள்வி. சந்திரனுடைய ஆகர்ஷணத்தால் ஏறியும் வற்றியும் வரும் கடல்நீரை அனுசரித்தே அங்கே மீன் கரையை நெருங்குகிறது, விலகுகிறது, ஆகையால் திதி பார்க்காமல் தூண்டிலை எடுப்பவன் பாதி நாளை வீணாக்குவான். ஆனால் கரூருக்கும் முக்கொம்புக்கும் இடையே, அகன்ற மணற்பரப்பின் நடுவே கிழக்கு நோக்கிச் செல்லும் காவேரியில் நீரை ஏற்றுவதும் இறக்குவதும் மேட்டூர் அணையின் மதகுகளேயன்றிச் சந்திரன் இல்லை. அந்தக் கரையில் நெடுங்காலம் உட்கார்ந்து எழுந்ததில் நான் அடைந்த அபிப்பிராயம் இது: முதலில் அணை நிலவரத்தைப் பார்க்க வேண்டும், அதன் பின் ஆகாயத்தை, பஞ்சாங்கத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில்.

இதற்குக் காரணம் காவேரியின் விசித்திரமான சுபாவம். ஆனி, ஆடி மாதங்களில் குளித்தலைப் பக்கம் பெரும்பாலும் மழை இராது. வானம் வெளிறிக் கிடக்கும், மேல்காற்று மணலை வாரிக் கண்ணில் இறைக்கும். எனினும் குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவக்காற்று கொட்டித் தீர்க்கும் மழை, கிருஷ்ணராஜசாகரத்தையும் கபினியையும் நிரப்பி, பிலிகுண்டுலுவைக் கடந்து, ஒகேனக்கல்லில் விழுந்து, மேட்டூரில் தேங்கி, மதகைத் திறந்துவிட்டால் இந்த வறண்ட வானத்தின் கீழே இருகரையும் தொட்டுக்கொண்டு வந்து சேரும். தலைக்கு மேலே உள்ள வானம் ஒன்று, காலடியில் ஓடும் நீரைப் பெய்த வானம் வேறொன்று. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. இருப்பு இடங்கொடுக்கும் ஆண்டுகளில் பாசனத்துக்காக ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது மரபு. செய்தித்தாளின் ஒரு மூலையில் நாள்தோறும் வரும் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்ற எண்களில் தூண்டில்காரனுக்கு வேண்டியது கடைசி எண். அதிலும் அன்றைய கன அடியை மட்டும் பார்த்துப் பயனில்லை. முந்திய சில நாட்களோடு ஒப்பிட்டு, ஏறுகிறதா, இறங்குகிறதா, நிலைத்து நிற்கிறதா என்று அறிய வேண்டும். படுகை வறண்டிருக்கும் ஆனி மாதத்தில் மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை எட்ட மூன்று நான்கு நாட்கள் பிடிக்கும். எங்கள் பக்கத்துக்கு அதற்குச் சற்று முன்னே வரும். ஆற்றில் ஏற்கெனவே ஓட்டம் இருந்தால் இன்னும் விரைவாக வரும். ஆகவே திங்கட்கிழமைப் பத்திரிகையை வைத்துக்கொண்டு புதன், வியாழனைத் தீர்மானிப்பது என் வழக்கம்.

ஏறும் நீரில் மீன் கடிக்காது என்று பொதுவாகச் சொல்வது முழு உண்மையன்று. நுரையும் சருகும் சுள்ளியும் முன்னே மிதந்து வர, அதன் பின்னால் நீர் மண்நிறம் கொண்டு பருக்கிற அந்த முதல் நாளில், கெண்டை இனங்கள் நடு ஓட்டத்தை விட்டு விலகிக் கரைப் புல்லுக்குள்ளும் வாய்க்கால் தலைப்புகளுக்குள்ளும் சிதறிவிடும் என்பதும், கண்ணால் இரை தேடுகிறவற்றுக்குக் கலங்கலில் ஒன்றும் புலப்படாது என்பதும் மெய்தான். ஆனால் மீசையால் தடவியும் மோப்பத்தாலும் இரை தேடுகிற கெளுத்திக்கும் வாளைக்கும் அதுவே கொண்டாட்டம். அன்று நான் தக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, ஈயக்குண்டு கட்டி, மண்புழுவையோ கோழிக்குடலையோ கரைக்கு மிக அருகில், சுழி ஓய்கிற இடமாகப் பார்த்து அடியில் கிடத்துவேன். நடு ஆற்றுக்கு வீசுகிறவர்கள் சருகைத்தான் இழுத்துக் கொண்டிருப்பார்கள். பிறகு ஒரே அளவாகச் சில நாட்கள் ஓடி, நீர் தெளியத் தலைப்படும் வேளை சேல்கெண்டைக்கும் கல்பாசுக்கும் உத்தமமானது. முழங்காலளவு நீரில் நின்று குனிந்தால் கால்விரல் மங்கலாகத் தெரிய வேண்டும்; அந்த மட்டுக்குத் தெளிவு வந்துவிட்டால் மாவு உருண்டையை எடுக்கலாம். மெல்ல வடிகிற நீரும் நல்லதே, ஏனெனில் புல்லுக்குள் ஏறிய மீனெல்லாம் வாய்க்கால் வாய்களில் வந்து கூடும். மதகைச் சட்டென்று குறைத்து ஓர் இரவில் ஆற்றின் அடி தெரியுமானால், மீன் மிரண்டு மடுக்களில் ஒடுங்கிவிடும். அப்போது போவது வீண் பிரயாணம். கரையில் பரிசல் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு மீனவர், நான் சைக்கிளை நிறுத்துமுன்பே, “தண்ணி சரசரன்னு எறங்கிப் போச்சுங்க, நாளன்னிக்கு வாங்க ஐயா” என்று சொல்லித் திருப்பி அனுப்பியது உண்டு. பஞ்சாங்கத்தின்படி அது நல்ல நாளாகத்தான் இருந்தது.

ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாலக்காட்டுக் கணவாயின் வழியே புகுந்து வரும் அந்த மேல்காற்றும், கிழக்கே ஓடும் நீரும் ஒரே திசையில் போவதால், தக்கை இரண்டுக்கும் அடிமைப்பட்டு நரம்பை வில்லாக வளைத்து இழுத்துக்கொண்டு ஓடிவிடும். மீன் கடித்தாலும் கைக்குத் தெரியாது. காற்று எழுமுன் விடியற்காலையிலும், அது தணிந்த பிறகு அந்தி மயங்கும் வேளையிலும் போடுவதே யுக்தி. பதினெட்டாம் பெருக்கன்று படித்துறைப் பக்கம் நான் தூண்டிலோடு போவதே இல்லை. அங்கே சித்திரான்னத்துக்காகக் கூடும் பொடிக்கெண்டைகளைப் பார்த்துக்கொண்டு நாமும் சித்திரான்னம் சாப்பிடுவது அதைவிட லாபகரமான காரியம்.

புதுவெள்ளத்தில் சினை தாங்கி எதிரேறி வரும் கெண்டைகளைப் பிடிப்பதை நான் விரும்புவதில்லை. தவறிச் சிக்கினால் நீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுவேன். வெள்ளத்தை நம்பி இனம் பெருக்குகிற மீனுக்கு வெள்ளம் மட்டுப்பட்டாலே போதும், என்ன நேரும் என்பதற்கு உள்ளம் மீன் சாட்சி. மேட்டூர் அணை எழுவதற்கு முன் கடலிலிருந்து காவேரியில் ஏறி வந்த அந்த மீனின் வரத்து, அணைக்குப் பின் வெகுவாகக் குன்றிவிட்டது.

அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் கணக்கு மாறுகிறது. இப்போது மேட்டூரில் நீர் தெளிந்திருந்தாலும், திருமுக்கூடலூரில் வந்து கலக்கும் அமராவதி செம்மண் கரைசலாகப் பெருகி வரலாம். மாயனூருக்குக் கீழே ஆறு கலங்கியிருக்க, சங்கமத்துக்கு மேலே தெளிவாக இருக்கும் நாட்கள் உண்டு. செய்தித்தாளின் எண் ஒன்றை மட்டும் நம்பினால் இந்தப் பருவத்தில் ஏமாற்றமே மிஞ்சும். எந்தப் பக்கத்தில் மழை என்று விசாரித்து, சங்கமத்துக்கு மேலே போவதா கீழே போவதா என்று முடிவு செய்ய வேண்டும். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் மற்ற ஏற்பாடுகளையெல்லாம் மறந்துவிடலாம். இறகு உதிர்ந்து நீரில் விழும் ஈசலுக்காகக் கெண்டை மேலே மேலே வந்து வாய்வைக்கும் அந்த அரைமணி நேரத்தில், சிறு முள்ளில் ஓர் ஈசலைக் கோத்து, ஈயம் இல்லாமல் ஓட்டத்தில் விட்டால் போதும். மார்கழியிலும் தையிலும் நீர் குளிர்ந்து மீன் மந்தப்படும். வெயில் ஏறியபின் போய், மெல்லிய நரம்பும் சிறிய முள்ளும் கட்டி, பொறுமையாக இருக்க வேண்டும் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கோடைதான் யோசிக்க வைக்கும் பருவம். அணை மூடிய பின் ஆறு மணலாகி, ஆங்காங்கே மடுக்கள் மாத்திரம் நிற்கும். ‘விடியற்காலையே தூண்டிலுக்கு ஏற்றது’ என்று எல்லாரும் சொல்லும் விதி இங்கே தலைகீழாகிறது. ஓடும் நீர் அலையினாலும் நுரையினாலும் காற்றிலிருந்து பிராணவாயுவை வாங்கிக்கொண்டே இருக்கும். தேங்கிய மடுவிலோ பாசியும் நீர்ச்செடியும் பகல் வெளிச்சத்தில் பிராணவாயுவை வெளியிட்டு, இரவு முழுவதும் மீனோடு சேர்ந்து தாமும் அதைச் செலவழிக்கின்றன. போதாக்குறைக்கு உஷ்ணம் ஏற ஏற நீரில் கரையும் வாயுவும் குறைகிறது. 20 டிகிரி உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் தங்குமானால் 30 டிகிரியில் ஏழரைதான் தங்கும். ஆகவே பாசி படர்ந்த மடுவில் மீன் மிகவும் திணறும் நேரம் விடியற்காலையே. நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும் கெண்டைகளைப் பசியோடு மேய்வதாக எண்ணி இரையைக் காட்டுகிறவர்கள் உண்டு, அவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சித்திரையில் நான் பிற்பகல் சாய்ந்த பின்பே கெண்டைக்குப் போகிறேன். விரால் இதற்கு விலக்கு. மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் மீனாதலால், மற்றவை மயங்கிக் கிடக்கும் காலையிலும் அது செடி ஓரத்தில் வேட்டையாடும். தவளையையோ சிறு கெண்டையையோ அங்கே காட்டலாம். ஆனால் செந்நிறக் குஞ்சுக்கூட்டம் நீர்மேல் கொப்பளித்துத் திரிவது தெரிந்தால், அதன் கீழே காவல் நிற்கும் தாயையும் தகப்பனையும் எளிதில் பிடித்துவிடலாம் என்பதாலேயே அதைச் செய்யலாகாது. மடுக்களில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மணல் அள்ளிய குழிகள் நீருக்கடியில் மறைந்திருக்கும், முழங்காலளவிலிருந்து அடுத்த அடியில் ஆள் முழுகும் ஆழம் வரும். கோலின் அடிப்பகுதியால் குத்திப் பார்க்காமல் நான் இறங்குவதில்லை.

வானிலையைப் பற்றி வழங்கும் பேச்சுகளில் காற்றழுத்தத்தைப் பற்றியதே மிகுதி. புயல் நெருங்கி அழுத்தம் விழுந்தால் மீன் வெறிபிடித்துக் கடிக்கும் என்பார்கள். அழுத்தம் 10 மில்லிபார் குறைவதென்பது பத்து சென்டிமீட்டர் ஆழத்து நீரின் பாரம் குறைவதற்குச் சமம். மீன் ஒரு சாண் மேலே எழும்பினாலே அதைவிடப் பெரிய மாறுதலை அனுபவிக்கிறது. இப்படி நாள் முழுவதும் ஏறியிறங்கும் ஜந்து அந்தச் சிறு வேற்றுமைக்காக விரதத்தை முறிக்கும் என்று நம்ப என் புத்தி இடங்கொடுக்கவில்லை. மேகமூட்டம் வெளிச்சத்தைத் தணிக்கிறது, சிறுகாற்று நீர்ப்பரப்பைக் கலைத்து நம் நிழலை மறைக்கிறது, மழை கரையிலிருந்து புழு பூச்சிகளை அடித்து வருகிறது. பிரத்தியட்சமான இந்த மூன்றும் இருக்க, புலப்படாத ஒன்றைத் தேடுவானேன்? இடி கேட்டால் மாத்திரம் ஆலோசனைக்கே இடமில்லை. வெட்ட வெளி மணலில் நீளக் கோலைத் தூக்கிக்கொண்டு நிற்பது மின்னலை வரவேற்பதாகும், கார்பன் கோலானால் இன்னும் விசேஷம். அதைக் கீழே போட்டுவிட்டுக் கரையேற வேண்டும்.

இனிச் சந்திரன். 1926-இல் ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர், சந்திரன் உச்சியில் நிற்கும்போதும் நம் காலுக்கு நேர் கீழே நிற்கும்போதும் மீன் சுறுசுறுப்படைகிறது, உதய அஸ்தமன வேளைகளிலும் ஓரளவு அப்படியே என்று ஒரு சித்தாந்தத்தை வகுத்தார். அதைக் கொண்டு போட்ட அட்டவணைகள் இன்றும் உலகெங்கும் புழங்குகின்றன. அதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. அஷ்டமியை ஒட்டிச் சந்திரன் உச்சிக்கு வருவது காலை ஆறு அல்லது மாலை ஆறு மணி வாக்கில்; பௌர்ணமியில் அது உதிப்பது சூரியன் மறையும் நேரத்தில். வளர்பிறையோ தேய்பிறையோ, விடியலும் அந்தியும் எப்போதும் மீனுக்குப் பசி எடுக்கும் வேளைகள் ஆதலால், சூரியன் சம்பாதித்த புகழில் பெரும்பகுதி சந்திரனுக்குப் போய்ச் சேருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சந்திரனை நான் ஒரு விளக்காக மட்டும் மதிக்கிறேன்; அந்த மட்டில் திதி பெரிதும் உபயோகமானது. கெளுத்தி, வாளை முதலிய இராமீன்கள் இருட்டில் கரைக்கு வந்து, நிலவு காய்ந்தால் ஆழத்துக்கு ஒதுங்குகின்றன. சந்திரோதயம் நாளொன்றுக்குச் சுமார் ஐம்பது நிமிஷம் பிந்துவதால், தினசரி நாட்காட்டியில் திதி தெரிந்தாலே இருட்டின் அளவு தெரிந்துவிடும். தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவு வரை இருட்டு இருக்கும். மறுநாள் வேலைக்குப் போகிற குடும்பஸ்தனுக்கு, அந்தி முதல் பத்து மணி வரை உட்கார்ந்து திரும்புவதற்குத் தேய்பிறைப் பஞ்சமி தொடங்கி அமாவாசை வரை உள்ள நாட்கள் அநுகூலமானவை. வளர்பிறை அஷ்டமியிலோ நிலவு மறைய நள்ளிரவு ஆகும், ஆகையால் பின்னிரவில் எழுந்து போகிறவர்களுக்கே அது உதவும். பௌர்ணமி இரவில் கெளுத்திக்கு அலையாமல், மறுநாள் சற்று வெயில் ஏறிக் கெண்டைக்குப் போகலாம்.

திதியும் மதகும் ஒருசேர வாய்க்க வேண்டிய மீன் ஒன்று உண்டென்றால் அது விலாங்கு. முட்டையிடக் கடலுக்குப் போகும் இந்த இனம், ஆறு பெருகுகிற இருண்ட இரவுகளைத் தேர்ந்தெடுத்தே கீழே இறங்குகிறது. மழைக்காலத்து அமாவாசையில் ஆறு ஏறிக்கொண்டிருக்கும்போது, கனமான நரம்பில் மண்புழுக் கொத்தைக் கட்டிக் கரைக்கல் ஓரத்தில் கிடத்தினால் சில சமயம் சிக்கும். கிடைத்த விலாங்கு கைத்தடிப் பருமனுக்கு வளர்ந்ததாக இருந்தால், அது கடலை நோக்கிப் புறப்பட்டதாகவே கொண்டு, நரம்பை முள்ளுக்கு அருகில் அறுத்து விட்டுவிடுகிறேன். வழவழப்பான அந்த உடம்பை இருட்டில் பிடித்து முள்ளைக் கழற்ற முயல்வது இருவருக்குமே ஹிம்சை.