கை மரத்துப் போகுதா? கழுத்தைப் பாருங்கள்

19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் கடல் தாண்டி, அரிப்பும் தலைமன்னாரும் இருக்கிற மன்னார்க் கரைப் பக்கம் இறங்கினார்கள். அங்கிருந்து மூட்டை முடிச்சோடு காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். சுமை இன்னும் நம்மை விடவில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டியிருக்கும்போது அந்தப் பாரத்தைத் தாங்குவது கழுத்துத்தான்.

"கை மரத்துப் போகுது, விரல் ஓடல" என்று சொல்லிக் கைக்குத் தைலம் தேய்ப்போம். ஆனால் கோளாறு கழுத்தில் இருக்கலாம்.

இது எப்படி வருகிறது?

கழுத்தில் 7 எலும்புகள் உண்டு. அவற்றுக்கு நடுவே மெத்தை போல் தட்டுகள் இருக்கின்றன. பக்கத்துத் துவாரங்கள் வழியாகத் தோளுக்கும் கைக்கும் நரம்புகள் போகின்றன. தட்டு பிதுங்கினாலோ, வயதோடு எலும்பு தடித்தாலோ நரம்பு நசுங்கும். அப்போது கழுத்திலிருந்து கைவரை மின்சாரம் அடித்தாற்போல் வலி ஓடும், பிடி தளரும். பெருவிரல் மரத்தால் ஒரு நரம்பு, நடுவிரல் என்றால் அடுத்தது, சின்னவிரல் என்றால் அதற்கும் கீழே உள்ளது. எனவே எந்த விரல் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

பயப்பட வேண்டாம். பெரும்பாலானோருக்கு ஒப்பரேஷன் இல்லாமலே சில வாரங்களில், சில மாதங்களில் குணமாகும்.

1. வலி தீரும்வரை தலைச்சுமை வேண்டாம். கொழுந்தை அடிக்கடி கொட்டிப் பாரத்தைக் குறையுங்கள்.
2. முழுக்கப் படுத்துவிடாதீர்கள். வலிக்காத அளவுக்குக் கழுத்தை மெதுவாக அசையுங்கள்.
3. உயரத் தலையணை வேண்டாம்.
4. பனடோல் போடலாம், அளவு மீறக் கூடாது.
5. கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

நடை தள்ளாடுதல், இரண்டு கையும் மரத்தல், சட்டை பொத்தான் போட முடியாமை, கை பலம் குறைந்துகொண்டே போதல், சிறுநீர் மலம் அடங்காமை, மலையில் விழுந்த பின் வரும் கழுத்துவலி, காய்ச்சலோடு வரும் வலி. இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம்.

ஒரு நாள் பேர் போயிடுமே என்று வலியை மறைக்கிற தாய்மார் உண்டு. நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்தால் கையின் பலம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். கை போனால் எல்லாப் பேரும் போகும். ஆகவே தோட்ட டிஸ்பென்சரியில் முதலிலேயே சொல்லிவிடுவோம்.