தண்டவாளம் நீங்கிய வழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய விசுகான்சின் மாநிலத்தின் மேற்குப் பகுதி குன்றுகள் செறிந்தது. அக்குன்றுகளினூடே, எல்ராய் என்னும் சிற்றூரிலிருந்து ஸ்பார்ட்டா வரை 32 மைல் நீளமுள்ள இருப்புப் பாதை ஒன்று 1873ஆம் ஆண்டில் அமைந்தது.

இரும்புச் சக்கரம் தண்டவாளத்தின்மீது செங்குத்தாக ஏறவல்லதன்று. ஆதலின், மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும், நூறடித் தொலைவிற்கு மூன்றடிக்கு மேல் ஏற்றம் இல்லாதவாறு வழியைச் செப்பஞ்செய்தனர். வெட்டுதற்கரிய குன்றுகளை மூன்றிடங்களில் குடைந்தனர். முதலிரண்டு குகைவழிகளும் தனித்தனியே ஏறத்தாழ 1,700 அடி நீளமுடையன. மூன்றாவதோ 3,810 அடி. அக்குகையில் மேலிருந்து நீர் இடையறாது கசியும். குளிர்காலத்தில் அந்நீர் உறையுமாயின் பாறை பிளவுறும். அதனைத் தடுக்கக் குகைவாயில்களில் பெரிய மரக்கதவுகளை அமைத்தனர். வண்டி வருமுன் அவற்றைத் திறப்பதும், சென்றபின் அடைப்பதும் காவலனின் கடமை. பனி கொட்டும் நள்ளிரவிலும் அப்பணி ஓயவில்லை. வண்டியில் துயின்றுகொண்டே சென்றோருள் அவனை எண்ணியவர் எத்தனை பேரோ!

1911இல் சமநிலத்தின் வழியே வேறொரு பாதை அமைந்தது. பின்னர் மோட்டார் வண்டிகளும் பெருகின. 1964இல் குன்றுப்பாதை கைவிடப்பட்டது, தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. எஞ்சியது நீண்டு குறுகிய நிலமே. அதனைத் துண்டு துண்டாக விற்றிருப்பின், மீண்டும் ஒன்றுசேர்த்தல் எவர்க்கும் அரிதாகியிருக்கும். மாநில அரசு 1965இல் அதனை முழுமையாக விலைக்கு வாங்கியது. சுண்ணாம்புக்கல் தூளைப் பரப்பி, நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் உரிய வழியாக 1967இல் திறந்தது. எஞ்சினுக்காக அமைத்த மெல்லிய ஏற்றம் இன்று சிறுவரையும் முதியவரையும் களைப்பின்றி அழைத்துச் செல்கிறது. கெண்டால் என்னும் ஊரின் பழைய புகைவண்டி நிலையமே இவ்வழியின் அலுவலகமாயிற்று.

எல்லா இடங்களிலும் இத்தகைய மாற்றம் எளிதாக நிகழவில்லை. இருப்புப் பாதை நீங்கினால் நிலம் தமக்கே மீளவேண்டும் என்று அடுத்த நிலத்தார் பலர் வாதிட்டனர். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. பிற்காலத்தில் புகைவண்டி மீண்டும் ஓட வாய்ப்பளித்து, அதுகாறும் பாதையை நடைவழியாகப் பேணுவதற்கு 1983இல் அந்நாட்டு அரசு சட்டமியற்றியது. 1990இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது; நிலத்தார் இழப்பீடு கோரி வழக்கிடலாம் என்றும் கூறியது.

ஸ்பார்ட்டா வழியின் மூன்றாம் குகைக்குள் இன்று செல்வோர் மிதிவண்டியினின்று இறங்கி, கைவிளக்கேந்தி நடக்கின்றனர். கோடையிலும் உள்ளே குளிரும்; தலைமேல் நீர் சொட்டும். குளிர்காலம் வந்ததும் கதவுகள் முன்போலவே அடைக்கப்படுகின்றன.