சீனாவை ஒப்பிட்டு ஆராய: எந்தத் தரவு, எந்த வழி?

சீனாவை இன்னொரு நாட்டோடு ஒப்பிட்டு ஆய்வு செய்ய நினைக்கிற மாணவருக்கு இன்று தரவுக்குப் பஞ்சமில்லை. அரசுப் புள்ளிவிவரங்கள், குடும்ப, முதியோர் ஆய்வுகள், மனப்பாங்கு ஆய்வுகள், நேரடிக் களப்பணி என நான்கு வழிகள் இருக்கின்றன. சிக்கல் தேர்வில்தான் தொடங்குகிறது. கைக்கு எட்டிய தரவை முதலில் இறக்கிக்கொண்டு, அதற்கேற்பக் கேள்வியை வளைப்பது தவறான வரிசை. முதலில் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதில் வரும் ஒவ்வொரு சொல்லும் இரு நாடுகளிலும் ஒரே மாதிரி அளக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே தரவைத் தேடுங்கள். இந்த அளவுகோலை வைத்துத்தான் நான்கு வழிகளையும் கீழே எடைபோடுகிறேன். ஒப்பீட்டுக்குப் பெரும்பாலும் இந்தியாவை எடுத்துக்கொள்கிறேன்.

அரசுப் புள்ளிவிவரங்கள்

எளிதில் கிடைப்பவை, நாடு முழுவதையும் உள்ளடக்கியவை. ஆனால் வரையறையில் கவனம் தேவை. நகரமயமாதலையே பாருங்கள். சீனாவின் 2020 கணக்கெடுப்பில் நகரவாசிகள் 63.89 சதவீதம், இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் 31.16 சதவீதம். சீனா இந்தியாவைப் போல் இருமடங்கு நகரமயமானது என்று உடனே எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நகராட்சி, பேரூராட்சி போன்ற அந்தஸ்து இல்லாத ஓர் ஊர் இந்தியக் கணக்கில் நகரமாக வேண்டுமானால், குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அடர்த்தி, முதன்மை வேலை செய்யும் ஆண்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத தொழிலில் இருப்பது ஆகிய மூன்றும் தேவை. சீனாவின் வரையறை நகரக் கட்டுமானப் பரப்பின் தொடர்ச்சியை அடிப்படையாகக் கொண்டது. அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ஹூகோ என்கிற குடும்பப் பதிவின்படி பார்த்தால், 2020 இறுதியில் நகரப் பதிவு உள்ளவர்கள் 45.4 சதவீதம் மட்டுமே. இடைவெளியில் இருப்பவர்கள் நகரத்தில் வாழ்ந்தும் அங்கே பதிவு பெறாதவர்கள். பள்ளி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் பற்றிய கேள்விகளில் இவர்களை எந்தப் பக்கம் சேர்க்கிறீர்கள் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும்.

எனவே பின்னணியையும் நீண்டகாலப் போக்கையும் காட்ட இதை எடுங்கள். காரணம் தேட இது மட்டும் போதாது.

குடும்ப, முதியோர் ஆய்வுகள்

ஒப்பீட்டை மனத்தில் வைத்தே உருவான ஆய்வுகள் இந்த வகையில்தான் இருக்கின்றன. 1992இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் தொடங்கிய எச்.ஆர்.எஸ். என்ற அமெரிக்க முதியோர் ஆய்வைப் பல நாடுகள் மாதிரியாகக் கொண்டன. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஆய்வு, 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களையும் அவர்களுடைய துணைகளையும் 2011 முதல் தொடர்ந்து சந்தித்துவருகிறது. முதல் சுற்றில் 28 மாகாணங்களில் 150 மாவட்டங்களைச் சேர்ந்த சுமார் 17,000 பேர் பங்கேற்றார்கள். இந்தியாவில் மும்பையின் மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், ஹார்வர்ட், தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து நடத்தும் லாசி ஆய்வும் அதே வயதினரைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதன் முதல் சுற்று 2017–18இல் 72,000க்கும் மேற்பட்டோரைச் சந்தித்தது. வருமானம், நோய், நினைவாற்றல், பிள்ளைகளிடமிருந்து வரும் பணம் எனக் கேள்விகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

சீனாவில் 2009இல் தொடங்கிய கிராமப்புற ஓய்வூதியம் ஆரம்பத்தில் 60 வயதானவருக்கு மாதம் 55 யுவான் அடிப்படைத் தொகையாகக் கொடுத்தது. அப்படிப்பட்ட சிறு தொகை முதியவரின் வாழ்வை எப்படி மாற்றுகிறது, இந்திய முதியோர் உதவித்தொகையோடு ஒப்பிட்டால் என்ன தெரியும் என்பது போன்ற கேள்விக்கு இந்த ஆய்வுகளைவிட நல்ல இடம் இல்லை.

வரம்புகளும் உண்டு. ரத்தப் பரிசோதனைக்குச் சார்ல்ஸ் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தது. லாசி விரல்நுனியில் எடுத்த துளிகளைத் தாளில் உலர்த்திச் சேகரித்தது. அளவு முறை வேறு என்பதால் சரிசெய்யாமல் எண்களை அருகருகே வைக்கக் கூடாது. லாசி மாநில அளவில் பேசும்; சார்ல்ஸ் நாட்டு அளவில் மட்டுமே பேசும். தமிழ்நாட்டைக் குவாங்டோங்கோடு ஒப்பிட விரும்பினால், குவாங்டோங், ஷாங்காய், லியாவ்னிங், ஹெனான், கான்சு ஆகிய ஐந்துக்கும் தனி மாதிரி எடுத்திருக்கும் சி.எஃப்.பி.எஸ். குடும்ப ஆய்வைப் பாருங்கள்.

மனப்பாங்கு ஆய்வுகள்

உலக விழுமியங்கள் ஆய்வில் சீனாவும் இந்தியாவும் 1990 சுற்றிலிருந்தே இருக்கின்றன. தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஏசியன் பாரோமீட்டரும் சீனப் பெருநிலத்தில் பலமுறை கணக்கெடுத்திருக்கிறது. அரசின் மீதான நம்பிக்கை, குடும்பம் பற்றிய எண்ணம் ஆகியவற்றுக்கு இவை பொருத்தமானவை.

ஆனால் ஒரே கேள்விக்கு இரு நாட்டவர் ஒரே அளவுகோலில் பதில் சொல்வதில்லை. இதைத் தெளிவாகக் காட்டியது கேரி கிங்கும் கிறிஸ்டோபர் மரேயும் இன்னும் இருவரும் சேர்ந்து செய்த ஆய்வு. அரசின் முடிவுகளில் உங்களுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்று கேட்டபோது, சீனர்கள் மெக்சிகோக்காரர்களைவிடத் தங்களுக்கு அதிகப் பங்கு உண்டு என்றார்கள். அதே மெக்சிகோவில் 2000இல்தான் மக்கள் பல்லாண்டு ஆட்சியில் இருந்த கட்சியை வாக்களித்து வெளியேற்றியிருந்தார்கள். ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. குடிநீர் இல்லாத சில கற்பனை மனிதர்களின் நிலையை விவரித்தார்கள். ஒருவர் அண்டை வீட்டாரோடு சேர்ந்து மாற்று வேட்பாளரை ஆதரிக்கிறார்; இன்னொருவர் வாக்குரிமையும் இல்லாமல் மௌனமாகத் தாங்கிக்கொள்கிறார். இவர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்றும் கேட்டார்கள். அந்தப் பதில்களை அடிப்படையாக வைத்துத் திருத்தியதும் வரிசை தலைகீழானது. மௌனமாகத் தாங்கிய அந்த மனிதரைவிடவும் தங்களுக்குப் பங்கு குறைவு என்ற நிலையில் சீனர்களில் கணிசமானோர் இருந்தார்கள். இப்படியொரு திருத்தம் இல்லாத மனப்பாங்குத் தரவை வைத்து நாடுகளுக்குத் தரவரிசை போடாதீர்கள். ஒரே நாட்டுக்குள் வயது, கல்வி, ஊர் வாரியாக வேறுபாட்டைப் பார்த்து, அந்த வேறுபாட்டின் போக்கை நாடுகளுக்கிடையே ஒப்பிடுவது பாதுகாப்பானது.

களப்பணி

ஒரு கொள்கை ஊரில் எப்படி நடக்கிறது, எங்கே தடம் மாறுகிறது என்பதற்கு நேரில் போவதே வழி. 1987 முதல் ஷான்தோங் மாகாணத்தின் ட்சோபிங் மாவட்டம் அமெரிக்க ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டதால்தான், கிராமத் தொழில்களையும் உள்ளாட்சியையும் பற்றிய நுணுக்கமான ஆய்வுகள் வெளிவந்தன.

ஆனால் இது நினைத்தவுடன் நடக்கிற காரியம் அல்ல. வெளிநாட்டு நிறுவனங்கள் சீனாவில் தாங்களே நேரடியாகக் கணக்கெடுப்பு நடத்துவதை 2004 விதிகள் தடுக்கின்றன. உள்ளூர் அமைப்பும் முன் அனுமதியும் தேவை. 2021இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைக் கட்டுப்படுத்துகின்றன. சீன மொழி, நம்பகமான கூட்டாளி, போதிய கால அவகாசம் மூன்றும் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். பேட்டி கொடுத்தவருக்கு நாளை தொல்லை வரக்கூடிய கேள்வி என்றால், அதைக் கைவிடுவதே நேர்மை.

எதை எடுப்பது?

எவ்வளவு, எங்கே என்ற கேள்விக்கு அரசுப் புள்ளிவிவரம். யாருக்கு, என்ன விளைவு என்ற கேள்விக்குக் குடும்ப, முதியோர் ஆய்வுகள். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு மனப்பாங்கு ஆய்வு, மேலே சொன்ன எச்சரிக்கையோடு. எப்படி, ஏன் என்பதற்குக் களப்பணி. முதல் ஆய்வு செய்பவருக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன். சார்ல்ஸ், சி.எஃப்.பி.எஸ். தரவுகளைப் பதிவு செய்து இலவசமாகப் பெறலாம். ஒப்பிடத்தக்கதாக்கும் வேலையில் பெரும்பகுதியைப் பிறர் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள்.

எந்த வழியானாலும் கூட்டாளியைத் தரவு கொடுப்பவராக மட்டும் நடத்தாதீர்கள். யூரேசியா திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. ஸ்வீடன், பெல்ஜியம், இத்தாலி, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளின் பழைய பதிவேடுகளை அந்தந்த நாட்டை அறிந்த குழுக்களே கையாண்டன. சீனாவுக்கு லியாவ்னிங் குடும்பப் பதிவேடுகளை எடுத்தார்கள். தானிய விலை ஏறும்போது யார் இறக்கிறார்கள் என்ற ஒரே கேள்வியை எல்லாக் குழுக்களும் ஒரே முறையில் கேட்டன. 2004இல் நூலாக வந்த முடிவுகள், மேற்கு கட்டுப்பாட்டோடு வாழ்ந்தது, கிழக்கு பஞ்சத்தில் மடிந்தது என்ற மால்தஸ் காலத்துப் படத்தை ஆட்டம் காணச் செய்தன. ஒருவர் குடும்பத்துக்குள் எந்த இடத்தில் இருந்தார் என்பது இரு பக்கமும் முக்கியமாக இருந்தது. சீனாவை விதிவிலக்காகவும் வைக்காமல், அளவுகோலாகவும் வைக்காமல், மற்ற நாடுகளோடு சமமாக நிறுத்தியதால் கிடைத்த முடிவு அது. கூட்டாளியோடு முதல் சந்திப்பிலேயே கேள்வித்தாளைச் சேர்ந்து எழுதத் தொடங்குங்கள். மற்ற முடிவுகளை அதற்குப் பிறகு எடுக்கலாம்.