செடி வாடுதா? தண்ணீர் ஊற்றும் முன் விரலை விட்டுப் பாருங்கள்!



அண்மையில் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். தொட்டிச் செடி வளர்த்து விற்பதற்காக உள்கடன் வாங்கிய ஒரு சகோதரி மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிஞ்சதும் எங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். திண்ணையிலும் நடையிலும் வரிசையாகத் தொட்டிகள். துளசி, மணி பிளான்ட், கற்றாழை, ரோஜா என்று பல செடிகள். பாதிக்கு மேல் மஞ்சளாகி வாடிக் கிடந்தன.

"மேடம், செடிக்குன்னே தினமும் தெருக்குழாயில இருந்து ரெண்டு குடம் தூக்கிட்டு வர்றேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஊத்துறேன். அப்படியும் வாடுது. வாட வாட இன்னும் ஊத்துறேன். தவணையை எப்படிக் கட்டுவேன்னே தெரியல" என்றார்.

ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். மண் சேறாக இருந்தது. வேர் கறுத்து, கொழகொழவென்று நாற்றம் அடித்தது. செடி தண்ணீர் இல்லாமல் சாகவில்லை. தண்ணீர் அதிகமாகித்தான் செத்துப் போனது. இடுப்பு வலிக்கச் சுமந்த குடமே நஷ்டத்தைக் கொண்டு வந்துவிட்டது. இது அவர் ஒருவர் செய்யும் தவறு இல்லை, நம்மில் பலரும் செய்வதுதான். அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்வோம்.

வேருக்கும் மூச்சு வேண்டும்

மண் துகள்களுக்கு நடுவில் சின்னச் சின்ன இடைவெளி இருக்கும். அதில் இருக்கும் காற்றைத்தான் வேர் சுவாசிக்கிறது. ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் அந்த இடம் முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிடும். மூச்சு முட்டி வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மண் ஈரமாக இருந்தாலும் இலை வாடும். நாம் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். வாடுகிற செடி எல்லாம் தாகத்தில் வாடுவதில்லை. இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டாலே பாதிச் செடி பிழைத்துவிடும்.

ஊற்றும் முன் மூன்று சோதனை

1. ஆள்காட்டி விரலை ஒரு அங்குல ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரம் இருந்தால் இன்றைக்கு வேண்டாம். மேல் மண் காய்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

2. பெரிய தொட்டி என்றால் தென்னை ஈர்க்குச்சியை ஆழமாகக் குத்தி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் அடியில் ஈரம் இருக்கிறது.

3. சின்னத் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். குடம் நிறைஞ்சிருக்கா, காலியான்னு கை சொல்லிவிடும் அல்லவா? அதே மாதிரிதான்.

குழுவில் கடன் கொடுக்கும்போது, "இவங்களுக்கு மாசாமாசம் கொடுத்துடுவோம்" என்று யாரும் சொல்வதில்லை. தேவையைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். செடிக்கும் அப்படியே.

எவ்வளவு ஊற்றுவது?

தினமும் கொஞ்சம் தெளிப்பது நல்லதில்லை. மேல் மண் மட்டும் நனையும், அடி வேர் காய்ந்தே கிடக்கும். ஊற்றினால் நிதானமாக, அடியில் உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும் வரை ஊற்றுங்கள். பிறகு மண் காயும் வரை விட்டுவிடுங்கள். ஐந்து அங்குலத் தொட்டிக்கு ஏறக்குறைய ஒரு டம்ளர், எட்டு அங்குலத் தொட்டிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போதும். ஓட்டை இல்லாத டப்பாவில் செடி வைக்கவே வேண்டாம். ஒரு ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டுவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

கீழே உள்ளது தோராயக் கணக்குதான். கடைசி முடிவு உங்கள் விரல் சொல்வதுதான்.

வெயிலில் இருக்கும் துளசி: கோடையில் தினமும் ஒரு முறை. மழை, பனிக் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை.

வீட்டுக்குள் மணி பிளான்ட்: கோடையில் மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை. குளிர் காலத்தில் வாரம் ஒரு முறை.

கற்றாழை, பாம்புக் கற்றாழை: மண் முழுக்கக் காய்ந்த பிறகே. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, குளிர் காலத்தில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை.

வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் குறைவு. அதனால் மண் மெதுவாகக் காயும். மண் தொட்டி சீக்கிரம் காயும், பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் அதிக நாள் நிற்கும்.

எந்தத் தண்ணீர்?

நம்ம மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் விழும் பழுப்புக் கறையைப் பார்த்திருக்கிறோம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் இருக்கட்டும். செடிக்கு அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரே போதும். உப்பும் சோப்பும் கலந்த தண்ணீர் கூடாது.

உப்புத் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் வெள்ளையாகப் படியும். டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் போன்ற செடிகளுக்குப் புளோரைடும் ஆகாது, இலை நுனி கருகும். மழை பெய்யும்போது பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். அல்லது தொட்டியையே கொஞ்ச நேரம் மழையில் வைத்து எடுங்கள். படிந்த உப்பு கரைந்து போகும்.

தட்டில் நிற்கும் தண்ணீர் ஆபத்து

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். வாரம் ஒரு முறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டையும் போய்விடும்.

வாடிய செடிக்கு முதலுதவி

மண் ஈரமாக இருந்து செடி வாடினால்: தண்ணீரை நிறுத்துங்கள். செடியை எடுத்து, கறுத்த வேரை வெட்டிவிட்டு, செம்மண், மணல், மக்கிய தொழுஉரம் சம அளவு கலந்த புது மண்ணில் நட்டு நிழலில் வையுங்கள்.

மண் கல் மாதிரி காய்ந்து செடி வாடினால்: தொட்டியை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். மேலே ஊற்றினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும், வேருக்குப் போகாது.

அந்தச் சகோதரியின் தொட்டிகளில் வெள்ளை வேர் இருந்த செடிகளை இப்படித்தான் பிரித்து நட்டோம். எல்லாம் பிழைக்கவில்லை. பிழைத்தவை இப்போது துளிர் விட்டிருக்கின்றன. அவர் குழுவும் பேசி, தவணை கட்ட அவருக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்திருக்கிறது. "முன்னே தினமும் ரெண்டு குடம். இப்ப மூணு நாளைக்கு ரெண்டு குடமே மிச்சமாகுது" என்று சிரிக்கிறார்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் வீட்டுத் தொட்டிகளில் அடியில் ஓட்டை இருக்கிறதா?

2. செடிக்கு என்று தினமும் எவ்வளவு தண்ணீர் சுமக்கிறோம்? அதில் எவ்வளவு குறைக்கலாம்?

3. ஒரே மாதிரி இரண்டு செடி எடுங்கள். ஒன்றுக்குத் தினமும் ஊற்றுங்கள், மற்றதற்கு விரல் வைத்துப் பார்த்து ஊற்றுங்கள். ஒரு மாதம் கழித்துக் கூட்டத்துக்கு இரண்டையும் கொண்டு வாருங்கள். எது நன்றாக இருக்கிறது என்று எல்லோருமாகப் பார்ப்போம்.