மனசுக்கும் வைத்தியம் உண்டு

தாராவியில் தமிழர்கள் குடியேறி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் பலர். இன்றும் அங்கே தோல் பை தைக்கிறார்கள். விடியுமுன் இட்லி அவிக்கிறார்கள். அந்த இட்லி மாட்டுங்கா, செம்பூர் என்று தெருத்தெருவாகப் போகிறது. ஒரு சிறிய கோலியில் ஐந்தாறு பேர் படுத்து எழுகிறார்கள். கோலி என்றால் ஓர் அறை வீடு.

ஊரிலிருந்து இளைஞர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அப்படி வந்த ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 22. சித்தப்பா வீட்டில் தங்கி, தோல் பட்டறையில் வேலை செய்கிறான். அவனுக்குப் பெயர் வேண்டாம். எந்தச் சந்திலும் இப்படி ஒரு பையன் இருப்பான்.

முதலில் தலைவலி என்றான். தைலம் தேய்த்தார்கள். பிறகு உடம்பெல்லாம் அசதி என்றான். பக்கத்து டாக்டரிடம் ஊசி போட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நாள் தெம்பாக இருந்தான். மூன்றாம் நாள் மறுபடியும் அதே அசதி.

இரவு எல்லோரும் தூங்குகிறார்கள். அவன் மட்டும் விழித்துக் கிடக்கிறான். காலையில் எழுந்திருக்க முடியவில்லை. கிரிக்கெட் என்றால் உயிரை விடுகிறவன், இப்போது மட்டையைத் தொடுவதில்லை. பட்டறையில் தையல் கோணலாகிறது. சேட் திட்டுகிறார்.

"ஏன்யா, சாப்பாடு பிடிக்கலையா?" என்று சித்தி கேட்டாள்.

"பசிக்கலை சித்தி."

"அம்மா ஞாபகமா இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. என்னைய விடுங்க சித்தி."

சித்தப்பா, "சோம்பேறி" என்றார். பக்கத்து வீட்டு ஆச்சி, "யாரோ செய்வினை வச்சிருக்காங்க. ஊருக்குக் கூட்டிட்டுப் போயி மந்திரிச்சிட்டு வாங்க" என்றாள். இரண்டு பேரும் கெட்டவர்கள் அல்ல. ஆனால் இரண்டு பேர் சொன்னதும் சரியல்ல. அந்தப் பையனுக்கு வந்திருப்பது மனச்சோர்வு நோய்.

இது எப்படித் தெரியும்?

கவலை எல்லோருக்கும் வரும். கடன் இருந்தால் தூக்கம் கெடும். பாட்டி செத்தால் அழுகை வரும். அது நோய் அல்ல. நாள் ஆக ஆக அது குறையும். நடுவில் சிரிப்பும் வரும், பசியும் எடுக்கும்.

மனச்சோர்வு அப்படிக் குறையாது. இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக நாள் முழுவதும் மனம் கனத்துக் கிடக்கும். முன்பு பிடித்த எதுவும் பிடிக்காது. தூக்கமும் பசியும் குறையும். சிலருக்கு இரண்டும் கூடும். வேலையில் கவனம் நிற்காது. 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் வரும். ஆண்பிள்ளைகளிடம் இது அழுகையாக வராமல் கோபமாகவும் வரலாம், குடியாகவும் வரலாம். நம் ஊர்க்காரர்கள் மனசு சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். தலைவலி, நெஞ்செரிச்சல், கை கால் குடைச்சல் என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் குளுக்கோஸ் பாட்டிலில் பணம் கரைகிறது.

இன்னொரு நோய் பதற்றம். மாட்டுங்காவில் பெரிய கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பெண் ஒருத்தி லோக்கல் ரயிலில் நிற்கிறாள். திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. மூச்சு முட்டுகிறது. கை மரத்துப் போகிறது. இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கிறார்கள். இதயம் நன்றாக இருக்கிறது. "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அவளுக்கு ரயில் ஏறவே பயம். ஒன்றுமில்லை என்பது முழுப் பதில் அல்ல. இதயத்தில் கோளாறு இல்லை, பதற்ற நோய் இருக்கிறது என்பதுதான் பதில். அதற்கும் சிகிச்சை உண்டு.

காதில் யாரோ பேசுவதுபோல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று நம்புவது, இவை வேறு நோயின் அடையாளம். அதை மனச்சிதைவு என்பார்கள். அதுவும் இளம் வயதில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. அதற்கு ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

எத்தனை பேருக்கு?

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவ நிலையம் 2015-16ஆம் ஆண்டில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாகக் கேட்டார்கள். பெரியவர்களில் 100 பேருக்குச் சுமார் 10 பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருந்தது. பெருநகரங்களில் இன்னும் அதிகம். மனச்சோர்வு, பதற்றம் போன்ற சாதாரண மனநோய் உள்ளவர்களில் 100க்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை.

ஏன் பெறவில்லை? கேலிக்குப் பயந்துதான். ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். மும்பையில் 'தாணே' என்பார்கள். இரண்டும் பழைய ஆஸ்பத்திரிகள். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. தாணே மனநல மருத்துவமனை 1901இல் ஏற்பட்டது. எத்தனையோ பேரைக் குணமாக்கிய இடங்களின் பெயர் வசவாகிப் போனது பரிதாபம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பெரும்பாலும் எங்கும் போய்ப் படுக்க வேண்டியதே இல்லை.

எங்கே போவது?

தாராவிக்கு எதிரிலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. அது மாநகராட்சி ஆஸ்பத்திரி. அங்கே மனநோய்ப் பிரிவு உண்டு. காலையில் சீக்கிரம் போய் 'கேஸ் பேப்பர்' எடுக்க வேண்டும். கூட்டம் இருக்கும். பரேலில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியிலும் இந்தப் பிரிவு உண்டு.

இந்தி தெரியாத பையனோடு, தெரிந்த பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். வீட்டுச் சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். பிள்ளையின் முன்னால் எதைச் சொல்ல முடியும்?

டாக்டர் நிறையக் கேள்வி கேட்பார். தூக்கம், பசி, குடி, வேலை, குடும்பம் எல்லாம் கேட்பார். ரத்தப் பரிசோதனையும் எழுதலாம். ரத்தசோகை இருந்தாலும், தைராய்டு சுரப்பி மந்தமானாலும் இதே அசதி வரும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பரிசோதனை.

மாத்திரை எழுதினால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. மனச்சோர்வு மாத்திரை காய்ச்சல் மாத்திரை போல் அன்றைக்கே கேட்காது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலாம், தலை சுற்றலாம். பலர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். 25 வயதுக்குக் கீழே உள்ள சிலருக்குத் தொடக்கத்தில் படபடப்பும், சாக வேண்டும் என்ற எண்ணமும் கூடலாம். ஆகவே முதல் சில வாரம் வீட்டார் கவனமாக இருக்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை வேண்டும். இது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மாத்திரை அல்ல. ஆனாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சிறிது சிறிதாகக் குறைப்பார். அடிமையாக்குவது தூக்க மாத்திரைதான். அல்பிரசோலம் போன்றவற்றைச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்து.

பேச்சும் மருந்து

மாத்திரை மட்டுமே வைத்தியம் அல்ல. கோவாவில் சங்காத் என்ற அமைப்பு ஒரு சோதனை செய்தது. டாக்டர் படிப்புப் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். விட்டுப்போன வேலைகளை ஒவ்வொன்றாக மறுபடியும் தொடங்க வைத்தார்கள். இன்று குளி. நாளை கடை வரை நட. அடுத்த வாரம் நண்பனைப் பார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இவர்களில் 100க்கு 64 பேர் தேறியிருந்தார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 39 பேர்தான். இந்த முடிவு 2017இல் வெளியானது.

இது பெரிய வித்தை அல்ல. சித்தியும் செய்யலாம். "ரெண்டு எட்டு நடந்துட்டு வருவோம், வாய்யா" என்று கூப்பிடலாம். அவன் பேசினால் கேட்கலாம். 'உனக்கு என்ன குறை?' என்று மட்டும் கேட்க வேண்டாம். குறை தெரிந்திருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போகக் கூடாதா? போகலாம். கும்பிட்டால் மனம் ஆறுதல் அடையும். ஆனால் மருந்தை விட்டுவிட்டுப் போகக் கூடாது, சங்கிலியால் கட்டவும் கூடாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். வீட்டார் குணமாகட்டும் என்று நம்பிக் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

சாக வேண்டும் என்று சொன்னால்

"நான் இருந்து என்ன பயன்?" என்று ஒருவர் சொன்னால் அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாய்யா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் கிடைத்தாரே என்று பாரம் குறையும். ஆம் என்றால் அவரைத் தனியே விடக் கூடாது. வீட்டில் உள்ள மாத்திரை, பூச்சி மருந்து எல்லாவற்றையும் எடுத்து மறைக்க வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகுமே என்று பலர் மறைக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில், பழைய 309ஆம் பிரிவே இல்லை. எனவே பயப்படாமல் உண்மையைச் சொல்லலாம்.

போனில் பேசவும் வழி உண்டு. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசுச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். காசு இல்லை. தமிழில் பேசலாம். செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் 2012இல் ஐகால் என்ற போன் ஆலோசனையைத் தொடங்கியது.

படித்துப் பாருங்கள்

டாக்டர் சீட்டில் மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் 0-0-1 என்று எழுதியிருப்பார். முதல் எண் காலை. நடு எண் மதியம். கடைசி எண் இரவு. 0-0-1 என்றால் இரவில் மட்டும் ஒன்று. 1-0-0 என்றால் எப்போது? 1-0-1 என்று 15 நாளுக்கு எழுதியிருந்தால் மொத்தம் எத்தனை மாத்திரை வாங்க வேண்டும்? வீட்டில் உள்ள ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, அதில் அச்சிட்ட காலாவதி மாதத்தையும் ஆண்டையும் கண்டுபிடியுங்கள்.