ஒவ்வொரு ஸ்லைஸாகப் பார்

அன்புள்ள யாழினிக்கு,

உங்கள் கல்லூரிக்குக் கோன் பீம் சிடி ஸ்கேன் கருவி வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நாங்கள் படித்த காலத்தில் ஓபிஜி என்ற தட்டையான எக்ஸ்ரே படம்தான் கதி. தாடை முழுக்கத் தெரியும், ஆனால் கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். கட்டி எந்தப் பக்கத்து எலும்பை அரித்திருக்கிறது என்று ஊகிக்கத்தான் முடியும்.

இப்போது தாடையைத் திரையில் சுழற்றியே பார்க்கலாம். அந்த அழகில் மயங்கி நின்றுவிடாதே அம்மா. அது கணினி கோத்துத் தரும் உருவம்; மெலிந்த எலும்புகூட அதில் ஓட்டையாகத் தெரியும். மூன்று தளத்திலும் ஸ்லைஸ்களை நீயே நகர்த்திப் பார்.

தாடையில் வரும் கெரட்டோசிஸ்ட் என்ற நீர்க்கட்டியை எடுத்துக்கொள். பெரும்பாலும் முகத்தில் வீக்கமும் தெரியாது, வலியும் இருக்காது. கடைவாய்ப்பல் அருகே தொடங்கி, எலும்பை அவ்வளவாக உப்பவைக்காமல், மஜ்ஜை வழியே தாடையின் பின்கிளை வரை நீண்டிருக்கும். அதன் முழு நீளத்தையும் அளந்து சொல்லாவிட்டால் அறுவையில் ஓரத்தில் கொஞ்சம் தங்கிவிடும், மறுபடி வளரும். அமிலோபிளாஸ்டோமா என்ற தாடைக் கட்டி அப்படியல்ல, பக்கவாட்டில் எலும்பைப் புடைக்கவைக்கும், பல் வேர்களைக் கத்தியால் சீவியதுபோல் கரைத்துவிடும்.

ஆனால் ஒற்றை அறையுள்ள அமிலோபிளாஸ்டோமா, முளைக்காத பல்லைச் சுற்றிய சாதாரண நீர்க்கட்டி போலவே தெரியும். உள்ளே இருப்பது நீரா சதையா என்பதைக் கோன் பீமின் சாம்பல் நிறத்தை வைத்து முடிவுகட்டாதே. எதுவரை பரவியிருக்கிறது என்பதைப் படம் சொல்லும். அது என்ன என்பதைத் திசுப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். அதற்கும் முன் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கச் சொல். ரத்தம் பீறிட்டு வந்தால் கத்தி வைக்கக் கூடாது. பெயரைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனமே கெரட்டோசிஸ்டை 2005-ல் கட்டி வகையில் சேர்த்து, 2017-ல் திரும்ப நீர்க்கட்டி வகைக்குக் கொண்டுவந்தது. நீ பெயர் சூட்ட அவசரப்படாதே.

எலும்பைத் துளைத்துச் சதைக்குள் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் எம்ஆர்ஐக்கு அனுப்பு. குழந்தைகளுக்குத் தேவையான இடத்தை மட்டும் படமெடு.

கீழ்த்தாடை நரம்புக் குழாயைத் தொடக்கம் முதல் முடிவு வரை கோடு போட்டுக் குறி. கட்டி அதைத் தள்ளியிருக்கிறதா, அதன் சுவரைக் கரைத்திருக்கிறதா என்று அறிக்கையில் தனியாக எழுது. "உதடு மரத்துப்போகுமா டாக்டர்?" என்றுதான் நோயாளி முதலில் கேட்பார்.

அன்புடன்,
அத்தை